இருபத்தாறு வீட்டுக்குச் சிவப்புக் கோடு

அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கல்யாணமான புதிதில் இதே வேலையை நான் வீட்டில் இலவசமாகச் செய்துகொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் ஃப்ரெடி சொல்வார். பதினெட்டு வருஷமாக, பழைய தங்கச் சுரங்கத்து ஊரான மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூர் போகிறேன். அங்கே ஒரு கம்பெனியின் டெண்டர்களையும் கடிதங்களையும் வரிவரியாகப் படித்துத் திருத்திக் கொடுத்துவிட்டு, அதே ரயிலில் தூங்கிக்கொண்டே திரும்பி வருகிறேன். அதனால் ஸ்கெலட்டன் லைன் என்கிற எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையில் லேப்டாப் என்றால் இந்தப் பியூலா, பியூலா என்றால் லேப்டாப்.

லைன் சங்கத்துக்குத் தலைவர் மனோகர். மாலை என்றால் கழுத்தை நீட்டுவார், வேலை என்றால் கையை நீட்டி என்னைக் காட்டுவார். போன மாதமும் அப்படித்தான் காட்டினார். நாங்கள் குடியிருக்கிற முப்பத்தெட்டு குவார்ட்டர்ஸையும் எங்கள் பேருக்கே எழுதித் தருவதாக ஒரு பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை சுரங்கக் கம்பெனி ஆபீஸில் பேச்சோடு ஒரு காகிதமும் கேட்டிருந்தார்கள். வீட்டு எண், இப்போது குடியிருப்பவர் பெயர், முதன்முதலில் வீடு ஒதுக்கப்பட்ட தொழிலாளியின் பெயர், எதிரே கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் முப்பத்தெட்டுக் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் லைன் முழுவதும் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுவார்களாம். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டதற்கு அந்த ஆபீஸ் கிளார்க் மேலே பார்த்தார். கடவுளைப் பார்த்தாரா, ஃபேனைப் பார்த்தாரா, தெரியவில்லை.

எனக்கு அது விளையாட்டில்லை. எனக்குச் சொந்தமில்லாத கூரையை நான் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். நாலாவது தடவை மாற்றும்போதாவது அது என் கூரையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பட்டியல் இங்கிலீஷில். ஆபீஸ் கன்னடம், நாங்கள் தமிழ், பக்கத்து லைனில் பாதி தெலுங்கு. யாருக்கும் சொந்தமில்லாத மொழியில் எழுதினால் யாருக்கும் மனஸ்தாபம் வராது என்று மனோகர் முடிவு செய்தார். தலைவரானதிலிருந்து அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

புதன்கிழமை உட்கார்ந்து அடித்து முடித்தேன். வியாழக்கிழமை காலையில், ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு காலில் செருப்புமாக நின்றபோது மனோகர் போன் செய்தார்.

“லிஸ்ட்ட குரூப்ல போட்டுடு பியூலா. எல்லாரும் ஒரு தரம் பாத்துக்கட்டும்.”

ஃபைலாக அனுப்பினால் பாதிப் பேருக்குத் திறக்காது. லேப்டாப் திரையை அப்படியே போனில் படம் எடுத்து, லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

கம்ப்யூட்டரில் டைப் அடித்தவர்களுக்கு இது தெரியும். தனக்குத் தெரியாத வார்த்தை வந்தால் அது அதன் அடியில் சிவப்பாக நெளிநெளியாய் ஒரு கோடு இழுக்கும். எழுத்துப்பிழையாம். அது சீமைச் சரக்கு. ஃப்ரெடி, ஃப்ளோரா, ஐடா, கொர்னேலியஸ் எல்லாம் அதற்கு மாமன் மச்சான் முறை. ரத்தினம்மா, சௌந்தரராஜன், பார்வதம்மா எல்லாம் பிழை. அந்தக் கோடு காகிதத்தில் வராது, திரையில் மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, அது என் கண்ணுக்குத் தெரிவதே நின்றுபோயிருந்தது.

மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் பேருக்குக் கீழே சிவப்புக் கோடு என்றால் எழுத்துப்பிழை இல்லை. சுரங்கத்தில் இறங்குகிறவன், ஆள் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸில் ஒரு பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு இறங்குவான். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பான். யார் டோக்கன் திரும்பவில்லையோ, ரிஜிஸ்டரில் அவன் பேருக்குக் கீழே கிளார்க் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். ஆள் நேரில் வந்து முன்னால் நின்றால்தான் கோட்டை அடித்துப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைப்பார். சில கோடுகள் கடைசிவரை அடிக்கப்படாமல் நின்றுவிட்டன. குழாயடிச் சண்டையில், “ஒம் பேருக்கு சிவப்புக் கோடு வுழ” என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அதற்கு மேல் திட்ட வார்த்தை கிடையாது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்த வசவை யாரும் மூடவில்லை.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் கவனிக்காமல் படம் எடுத்து அனுப்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

பங்காருபேட்டை தாண்டுவதற்குள் குரூப்பில் தொண்ணூற்று நாலு மெசேஜ். கணக்குப் பரீட்சையில் ஒருபோதும் தேறாத எங்கள் லைன்காரர்கள் துல்லியமாக எண்ணிவிட்டார்கள். மொத்தம் முப்பத்தெட்டு வீடு. கோடு விழுந்தது இருபத்தாறு. கோடில்லாமல் சுத்தமாக இருப்பது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று கோயிலுக்குப் போகாத, சர்ச்சுக்குப் போகிற வீடு. பட்டியலை அடித்தவள் யார்? பியூலா. பியூலா எந்தப் பக்கம்? சர்ச் பக்கம். விடை வந்துவிட்டது.

எங்கள் சபையின் ஞானமுத்து பேருக்கும்தான் கோடு விழுந்திருந்தது. அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வதந்திக்கு இடைஞ்சலான ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள். சுத்தமாக இருந்த பன்னிரண்டாவது பெயர் மாலா. வருஷம் தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அவள் ரகசியமாக ஞானஸ்நானம் எடுத்துவிட்டதாக மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது. எந்த சபை என்பதில்தான் இரண்டு கருத்து இருந்தது.

ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் ரத்தினம்மா போன் செய்தார். கடைசி வீடு அவருடையது. அவர் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் தொண்ணூற்றிரண்டில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துப் போனவர். ரத்தினம்மா அதற்குப் பிறகு தையல் மிஷினை மிதித்தே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர். மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

அன்றைக்குப் பேசினார்.

“இன்னா பியூலா, எம் பேருக்கு கோடு போட்டுக்கீற. நான் இன்னா செத்துட்டனா?”

“ஐயோ அக்கா, நான் போடல. கம்ப்யூட்டர் தானா போட்டுது, காகிதத்துல வராது.”

“அதுக்கு இன்னா எம்மேல கோவம்?”

“கோவமெல்லாம் இல்லக்கா. அதுக்கு உங்க பேர் தெரியாது, அவ்ளோதான்.”

“தெரியாதவங்க பேருக்கெல்லாம் கோடு போட்டுடுமா அது?”

உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

“ஒரு தரம் இந்த வூட்ல அந்தக் கோட்ட பாத்தாச்சு. இன்னொரு தரம் பாத்துட்டு, அதுல நான் கையெழுத்து போடமாட்டேன்,” என்று வைத்துவிட்டார்.

அவர் வைத்த கையோடு இருபத்தைந்து வீடும் அதையே சொன்னது. முப்பத்தெட்டில் பன்னிரண்டு கையெழுத்தை வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனால் அந்தக் கிளார்க் மறுபடி ஃபேனைத்தான் பார்ப்பார். அன்றைக்கு ஆபீஸில் நான் திருத்திய டெண்டரில் ஏழு பிழையை விட்டுவிட்டதாக மேனேஜர் சொன்னார். ஏழுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சனியனை அணைத்தேன். ஆப்ஷன்ஸில் போய் ப்ரூஃபிங் என்ற இடத்தில், டைப் அடிக்கும்போதே பிழை பார்க்கிற பெட்டியில் இருந்த டிக்கை எடுத்தால் போதும். கோடு மொத்தமும் போய்விடும். போயிற்று. புதுப் படம் எடுத்து, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை காலை சௌந்தரராஜன் அங்கிள் வாசலில் நின்றார். டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கிளார்க். சுரங்கம் மூடினது அவருக்கு இன்னும் முறைப்படி எழுத்து மூலமாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது போலத்தான் நடந்துகொள்வார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

“நேத்து கோடு இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. யாரும்மா அழிச்சது?”

“நான்தான் அங்கிள்.”

“யார் முன்னால?”

“யார் முன்னால அழிக்கணும்?”

“ஆள் முன்னால. இருபத்தாறு பேர்ல ஒருத்தராவது உன் எதிர வந்து நின்னாங்களா? ஆள் வராம கோட்ட அழிச்சா அதுக்கு டைம் ஆபீஸ்ல இன்னா பேர் தெரியுமா? ஃப்ராடு.”

“அங்கிள், அது நெசமான கோடே இல்ல. மறைச்சு வெச்சிருக்கேன், அவ்ளோதான்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறைத்துத்தான் வைத்திருக்கிறாள், அழிக்கவில்லை என்று அவர் டீக்கடை போய்ச் சேர்வதற்குள் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது. டிக்கைத் திரும்பப் போட்டால் கோடு மறுபடி வரும் என்பதும் உண்மை. பதினெட்டு வருஷமாக எனக்குத் தோன்றாத ஒன்றை அந்த மனிதர் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டார்.

சனிக்கிழமை எனக்கு லீவு. மனோகரையும் சௌந்தரராஜன் அங்கிளையும் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, கோட்டை மறுபடி வரவழைத்தேன். ஒரு பேரின் மேல் வைத்து மவுஸின் வலது பக்கத்தை அமுக்கிக் காட்டினேன். ஒரு சின்னப் பட்டியல் விழுந்தது.

“இதுல ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, இக்னோர் ஆல். இந்தப் பேர் எங்க வந்தாலும் கண்டுக்காம விட்டுடும்.”

“கண்டுக்காம விட்டுடுமா?” என்றார் அங்கிள். “இத்தினி வருஷமா எல்லாரும் நம்மள அதத்தானம்மா பண்றாங்க. அதுக்கு கம்ப்யூட்டர் வேற எதுக்கு?”

மனோகர் தலையாட்டினார். எதற்கும் ஆட்டுவார், ஆனால் அன்றைக்கு நானும் சேர்ந்து ஆட்டினேன்.

“இன்னொண்ணு, ஆட் டு டிக்ஷனரி. இந்தப் பேரை அகராதில சேத்துக்கும். இனிமே இது தப்பு இல்ல, எனக்குத் தெரிஞ்ச பேர்தான்னு ஒத்துக்கும். எப்பவும் கோடு போடாது.”

அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை வாய்க்குள் படித்துப் பார்த்தார்.

“இது சரி. ரிஜிஸ்டர்ல ஏத்தறது. ஆனா ஒவ்வொருத்தரா நேர்ல வரணும். ஆள் முன்னால கோடு போகணும். ரூல்னா ரூல்.”

இருபத்தாறு பேரையும் ஒரே மூச்சில் நானே சேர்த்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. சொல்லிப் பார்த்தேன். அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் கூடத்தில் மேஜையைப் போட்டேன். வாசலில் வரிசை. ரேஷன் கடையில்கூட இத்தனை ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. சௌந்தரராஜன் அங்கிள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேர் கூப்பிட்டார். கூப்பிட்டவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், தன் பேரையும் அதன் கீழே கோட்டையும் பார்க்க வேண்டும், நான் அமுக்க வேண்டும், கோடு போக வேண்டும், அங்கிள் ஒரு நோட்டில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும்.

பார்வதம்மா தன் கோடு போனதும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெங்கடம்மா, இன்னும் கொஞ்சம் ஓரத்தில் மிச்சம் இருப்பதாகச் சொல்லி என்னை இரண்டு தடவை அமுக்க வைத்தார். மாலாவும் வரிசையில் நின்றிருந்தாள். உனக்குத்தான் கோடே இல்லையே என்றேன்.

“அதான் பிரச்சின. எனக்கு ஒரு கோடு போட்டு, எல்லார் முன்னாலயும் எடுத்துடு பியூலா. புண்ணியமாப் போகும்.”

அவள் பேரைக் கண்டபடி அடித்துக் கோட்டை வரவழைத்து, சரியாக அடித்து அதைப் போக்கினேன். கம்பெனியில் இப்படி ஒரு திருத்தம் செய்ததாகத் தெரிந்தால் வேலை போய்விடும். மாலா நிம்மதியாக வெளியே போய் நாலு பேரிடம் சொன்னாள்.

கடைசியில் ரத்தினம்மா வந்தார். தன் பேரைப் பார்த்தார். அமுக்கினேன். கோடு போயிற்று. தலையை ஒரு தரம் அசைத்தார். முப்பத்தெட்டாவது வீடு முடிகிற சந்தோஷத்தில், அதே வேகத்தில் அடுத்த கட்டத்துக்குப் போனேன். முதலில் ஒதுக்கப்பட்டவர் பெயர்: பொன்னுரங்கம். அதன் கீழேயும் கோடு இருந்தது. மற்ற வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம், உயிரோடு இருக்கிறவர் இல்லாதவர் என்று பார்க்காமல், குடும்பத்தார் முன்னால் எடுத்துவிட்டிருந்தேன்.

என் மணிக்கட்டின் மேல் ஒரு கை விழுந்தது. தையல் மிஷின் சக்கரம் சுற்றிக் காய்த்த கை.

“அத்த வுடு.”

“இதுவும் சேத்தாதான்கா முடியும்.”

“மேல வந்தவங்களுக்குத்தான் கோட்ட அடிக்கணும். அவரு வரலயே.” அங்கிளைப் பார்த்தார். “அன்னிக்கு மூணு பேர் உள்ள மாட்னாங்க. ரெண்டு பேர கேஜ்ல கொண்டாந்தாங்க. இவர எடுக்கவே முடியலன்னு வுட்டுட்டாங்க. இல்லியாண்ணா?”

சௌந்தரராஜன் அங்கிள் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தக் கோடு நான்தான் போட்டேன். ரிஜிஸ்டர எடுத்துட்டுப் போற நாள் வரைக்கும் அது அப்படியேதான் இருந்துச்சு.”

“நீ இப்ப எடுத்துட்டினா அவரு வந்துட்டாருன்னு ஆயிடும் பியூலா. அப்புறம் கீழ ஒருத்தர் இருக்கறத யாரு கேப்பாங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு நாளாக இந்த ஜனங்களைக் குரூப்பிலும் வீட்டிலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். ஒரு கோட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டிருந்தேன். ஃப்ரெடி டீ போட உள்ளே போனார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பொன்னுரங்கம் கோட்டோடு இருந்தார்.

பிரிண்ட் எடுத்தோம். பிரிண்டர் சர்ச் ஆபீஸில் இரவல் வாங்கியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி வியாழக்கிழமையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். முப்பத்தேழு வீடும் மளமளவென்று கையெழுத்துப் போட்டது. ரத்தினம்மா காகிதத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கோடு எங்க?”

“பிரிண்ட்ல அது வராதுக்கா. அதத்தான் நான் அன்னிலேந்து சொல்றேன்.”

“வரலன்னா போடமாட்டேன்.”

காகிதத்தில் வராது, வராது என்று நாலு நாள் சத்தியம் செய்தவள் நான். இப்போது அது வரவில்லை என்பதுதான் குற்றம். நான் லேப்டாப் பக்கம் திரும்பினேன், ஏதாவது வழியில் அடிக்கோடு போட்டு மறுபடி பிரிண்ட் எடுக்கலாம் என்று. அதற்குள் சௌந்தரராஜன் அங்கிள் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். ஸ்கேல் கேட்டார். கொடுத்தேன். பொன்னுரங்கம் பேருக்குக் கீழே ஸ்கேலை வைத்து, நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்கவில்லை. ரத்தினம்மா அதைப் பார்த்தார். பிறகு தன் பேருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை லீவு எழுதிவிட்டு, நானும் அங்கிளும் ஆபீஸுக்குப் போனோம். மனோகர் வாழ்த்து அனுப்பினார். கிளார்க் முதலில் பென்டிரைவை வாங்கி, தன் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தார். இருபத்தாறு வீட்டுக்கும் சிவப்புக் கோடு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. நான் சேர்த்த அகராதி என் லேப்டாப்போடு சரி. அவர் மிஷினுக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது.

அங்கிளும் திரையைப் பார்த்துவிட்டார். எங்கே ரூல் பேசப் போகிறாரோ என்று நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

கிளார்க் அத்தனை கோட்டில் ஒன்றையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஃபைலை மூடிவிட்டுக் காகிதத்தை எடுத்தார். வீடு வீடாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

“மேடம், ஈ ஒந்து, இந்த ஒரு பேருக்கு மட்டும் ஏன் ரெட் லைன்? மிஸ்டேக்கா?”

பதினெட்டு வருஷம் பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவளிடம் கேட்டார்.

“மிஸ்டேக் இல்ல சார்,” என்றேன். “ஆள் இன்னும் மேல வரல.”

அவர் என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்க்கவில்லை. அப்புறம் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் படாமல் கொஞ்சம் தள்ளிக் குத்தினார்.